முழுப்பேர்

சபையின் மாதப் பத்திரிகைக்கு ஒரு சாட்சி எழுதித் தாருங்கள் என்று போதகர் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. சாட்சி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வியாதிப்பட்டேன், டாக்டர்கள் கைவிட்டார்கள், ஜெபித்தோம், சுகமானேன், ஆமென். அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். மீதி அரைப் பக்கத்தில் ஒரு புறா படம் போடுவார்கள். என் சாட்சி அந்த அளவுக்குள் அடங்காது. முதலில், டாக்டர்கள் என்னைக் கைவிடவே இல்லை. அடுத்தது, இது ஆரம்பத்திலிருந்து கடைசி வரை மூத்திரம் சம்பந்தப்பட்ட சாட்சி. முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

நான் சாலமோன். நிக்கோபாரில் உள்ள கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டுகிறவன். பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவோடும் தம்பியோடும் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கப்பலேறி இங்கே வந்தேன். கட்சால் தமிழர்களில் பெரும்பாலானவர்கள் முருகனையும் மாரியம்மனையும் கும்பிடுகிறவர்கள். வேதக்காரர்கள் நாங்கள் பத்துப் பதினைந்து குடும்பம்தான். அந்தச் சின்னச் சபைக்கு நான் மூப்பன். கோயில் சாவி என்னிடம் இருக்கும், கோபமும் என்னிடம்தான் இருக்கும்.

சுனாமி வந்து எட்டாவது வருஷம் அது. அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கோயிலுக்குப் பின்னால் ஓடுகிற வடிகால் அடைத்து, முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. சனிக்கிழமை எல்லோரும் மண்வெட்டியோடு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒருவரும் வரவில்லை. சரி, மூப்பன் எதற்கு இருக்கிறான் என்று வீம்புக்கு நான் ஒருவனாகவே இறங்கினேன். காலில் பால்வெட்டுக் கத்தி கீறிய புண் இருந்தது. பாக்கியம், என் மனைவி, பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கச் சொன்னாள். கேட்டேனா? கேட்டிருந்தால் இந்தச் சாட்சியே இல்லை. சாயங்காலம் வடிகாலைச் சுத்தம் செய்து முடித்தபோது உடம்பு வலித்ததைவிட மனம் நிறைந்திருந்ததுதான் அதிகம். வராதவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. மலேரியா எங்களுக்குப் பழக்கமான விருந்தாளி. இது அது இல்லை. கெண்டைக்கால் சதையைத் தொட்டால் அலறவேண்டும் போல வலி. கண் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்தன, பிறகு மஞ்சளாயின. நாலாம் நாள் ஒண்ணுக்குப் போவது குறைந்து, ஐந்தாம் நாள் நின்றே போனது. கட்சால் ஆஸ்பத்திரி டாக்டர் என் காலை அமுக்கிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நேரே போனை எடுத்து ஹெலிகாப்டருக்குச் சொன்னார். என்னை ஏற்றியபோது பாக்கியம் ஒரு தலையணையை மட்டும் இடுக்கிக்கொண்டு ஏறினாள். போர்ட் பிளேரில் இறங்கிய பிறகுதான் அவள் காலில் செருப்பில்லை என்று இருவரும் பார்த்தோம்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் ஒரு வங்காளி டாக்டரம்மா, சின்ன வயசு. ஹிந்தியில் நிதானமாக விளக்கினார். இது எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் நின்றால், காலில் இருக்கிற புண் வழியாகக் கிருமி உள்ளே போகும். ஈரலைப் பிடிக்கும், கிட்னியைப் பிடிக்கும். கிட்னி என்பது ரத்தத்தை வடிகட்டுகிற சல்லடை. அது நின்றால் அழுக்கு ரத்தத்திலேயே தங்கிவிடும். அந்த அழுக்கை அளக்கிற சோதனைக்குக் கிரியாட்டினின் என்று பெயர். நல்ல ஆளுக்கு ஒன்று இருக்கும், எனக்கு எட்டைத் தாண்டியிருந்தது. கிருமிக்கு ஊசி போடலாம். ஆனால் கிட்னி தூங்கிவிட்டது. அது தானாக முழிக்க வேண்டும். அதுவரை மெஷினில் ரத்தத்தைக் கழுவுவோம் என்றார். முழிக்காவிட்டால் என்று பாக்கியம் கேட்டாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் முழித்துவிடும் என்று மட்டும் சொன்னார்.

எலியின் மூத்திரம் உள்ளே போய் என் மூத்திரத்தை நிறுத்திவிட்டது. அதுவும் கோயில் வேலை செய்யப் போன இடத்தில். கடவுள் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

டியூப் போட்டுக் கட்டிலின் ஓரத்தில் ஒரு பையைத் தொங்கவிட்டார்கள். மூத்திரம் வந்தால் அதில் விழும், பக்கத்தில் கோடு போட்டு அளவு எழுதியிருக்கும். என் உலகம் அந்தப் பைதான். கழுத்தில் வேறொரு குழாய் போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் நாலு மணி நேரம் மெஷினில் படுக்கவைப்பார்கள். ரத்தம் ஒரு வழியாய் வெளியே போய், கழுவப்பட்டு, இன்னொரு வழியாய்த் திரும்பி வரும். வலியில்லை. குளிரும், தாகம் எடுக்கும். வெளியே போக வழியில்லாததால் குடிக்கத் தண்ணீரும் அளந்துதான். நாள் முழுதுக்கும் இரண்டு தம்ளர். தீவில் பிறர் வீட்டில் ஏறினால் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார்கள். நான் அந்தச் சொம்புகளை எல்லாம் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நான் சும்மா படுக்கிற ஆள் இல்லை. மூத்திரத்தை வரவைத்தே தீருவது என்று முடிவுகட்டினேன். மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, நரம்பு புடைக்க முக்குவேன். பிறகு தலையைத் தூக்கிப் பையைப் பார்ப்பேன். ஒரு சொட்டு இருக்காது. வார்டு நர்ஸ் சிஸ்டர் ஹெலன் கார் நிக்கோபார் தீவுக்காரர். மதுரையில் படித்ததால் தமிழ் பேசுவார். என் முக்கலைக் கேட்டு ஓடிவந்தார்.

"அங்கிள், ஏன் முக்கறீங்க? டியூப் இருக்கு. கிட்னி முழிச்சா அதுவா வரும். நீங்க செய்றதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல."

ஐம்பது வயதில் என்னிடம் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லை என்றால் நான் எதற்கு?

இதைப் புரியவைக்க ஒரு சொல்லை விளக்க வேண்டும். இலங்கையிலிருந்து எங்கள் ஜனங்கள் தகரப்பெட்டியோடு கொண்டுவந்த சொல் அது: பேர். விடியற்காலை ஆள் எண்ணுகிற பிரட்டுக்களத்தில் ஆஜராகி, அன்றைக்குக் கொடுத்த மரங்களை எல்லாம் வெட்டி, பாலை அளந்து கொடுத்தால் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் முழுப்பேர் போடுவார், முழுக் கூலி. பால் குறைந்தாலோ நேரம் கழித்து வந்தாலோ அரைப்பேர், பாதிக் கூலி. வேலைக்கு வராதவனுக்குப் பேர் இல்லை. எங்களுக்கு நல்லவன் கெட்டவன் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். சிறுவர் வகுப்பில் வாத்தியார் வேதத்தில் வருகிற திராட்சத்தோட்டக் கதை சொன்னபோது, காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் வந்தவனுக்கும் எசமான் ஒரே கூலி கொடுத்தான் என்றதும் நான் எழுந்து நின்று அது அநியாயம் என்றேன். அந்தத் தோட்டத்தில் மறுநாள் காலைப் பிரட்டுக்கு எவன் வருவான்? வாத்தியார் உட்கார் என்றார்.

வளர்ந்து மூப்பனாகி, கிருபையினால் இரட்சிப்பு, கிரியைகளினால், நாம் செய்கிற காரியங்களினால், அல்ல என்று நானே எத்தனையோ தரம் பிரசங்கித்திருக்கிறேன். வாய் அதைச் சொல்லும், உள்ளே செக்ரோல் ஓடிக்கொண்டிருக்கும். முக்கியமாய்ச் சுனாமிக்குப் பிறகு. அந்த எட்டு வருஷமும் நான் ஒரு நாள்கூட அரைப்பேர் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை உபவாசம், எந்தச் சாவானாலும் குழி வெட்ட முதல் ஆள், எந்த வீட்டுக்குக் கூரை போட்டாலும் முதல் ஏணி என்னுடையது. எல்லோரும் புகழ்ந்தார்கள். எதற்காக இப்படி உழைக்கிறேன் என்று எனக்கும் பாக்கியத்துக்கும் மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலை தம்பி வந்து நின்றான்.

தாவீது என்னைவிட ஆறு வயது இளையவன். போர்ட் பிளேர் ஜெட்டியில் லோடு ஏற்றுகிறான். குடிப்பான். எட்டு வருஷமாக நான் அவனோடு பேசவில்லை. பாக்கியம் போன் பண்ணியிருக்கிறாள். வாசல் வழியாக அவன் வருவதற்கு முன்னால் சாராய வாசனை வந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

காரணம் ஊர் அறிந்தது. சுனாமி வந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லியனுப்பியிருந்தான், வரவில்லை. குடித்துவிட்டுக் கப்பலைத் தவறவிட்டான். அடுத்த கப்பலிலாவது வருவான் என்று அம்மா கடற்கரையில் தெரிந்த நிக்கோபாரி வீட்டில் போய்த் தங்கிக் காத்திருந்தாள். மறுநாள் காலை கடல் வந்தது. நாங்கள் மேட்டில் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம், பிழைத்தோம். அம்மாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை. குடியை விட்டு ஒழுங்கான மனுஷனாய் வந்தால் பார்க்கலாம், அதுவரை என் வாசலில் ஏறாதே என்று அவனிடம் சொன்னேன். சபையில் அது சரியான தீர்ப்பு என்றார்கள்.

ஊர் அறியாதது இது. அம்மா தானாகப் போகவில்லை. கிறிஸ்துமஸ் மத்தியானம் சாப்பாட்டில் கைவைக்காமல், தம்பி வரவில்லையே, தம்பி வரவில்லையே என்று அவள் அரற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மகன் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று எனக்கு ஆத்திரம். அவ்வளவு ஆசையாய் இருந்தால் கரையிலேயே போய் உட்கார்ந்துகொள் என்று கத்தி, ஜீப்பில் ஏற்றி, நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். பழியைத் தம்பி தலையில் போட்டேன். போட்ட பழி எனக்குள்ளேயே கனத்தது, அதற்குத்தான் எட்டு வருஷ உழைப்பு. இப்போது கிட்னி நின்றுவிட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை, இதைச் சொல்லாமலே செத்துவிடுவேன் என்று பயந்தேன். சொல்வதற்கும் பயந்தேன்.

தாவீது நான் திரும்பிப் படுத்ததைக் கண்டுகொள்ளவில்லை. விடிந்ததும் வருவான். பெட்பேனை எடுத்துக் கழுவி வைப்பான். லேப் வரிசையில் நிற்பான். வெள்ளைத் துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றிக் கொண்டுவந்து என் உதட்டில் ஒற்றுவான். அது தண்ணீர்க் கணக்கில் சேராது என்று சிஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். பாக்கியத்துக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தான், அளவு பெரிது. பத்து மணிக்கு ஜெட்டி வேலைக்குப் போய்விடுவான். எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், பதிலுக்கு ஒருவர் கொடுக்க வேண்டும் என்றபோது போய் நின்றான். வாசனையைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் முழுக்கக் குடிக்காமல் கை நடுங்க உட்கார்ந்திருந்து, மறுநாள் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். சாயங்காலம் மறுபடி குடித்தான்.

இதற்கு நடுவில் போர்ட் பிளேர் போதகர் ஒருவர் ஜெபிக்க வந்தார். கணீர் குரல். கிரியையினால் அல்ல ஆண்டவரே, கிரியையினால் அல்ல என்று அவர் ஏற்றி இறக்கிச் சொல்ல, அடுத்த கட்டிலில் இருந்த ராமநாதபுரத்து கான்டிராக்டரின் சம்சாரம் பதறி எழுந்துவிட்டார். அவர்களுக்குக் கிரியை என்றால் பதினாறாம் நாள் காரியம். உயிரோடு இருக்கிற மனுஷன் தலைமாட்டில் நின்று என்ன பேச்சு இது என்று அவர் சண்டைக்கு வர, பாக்கியம் சமாதானம் செய்ய, எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. போதகர் போன பிறகு நான் பொருத்தனை பண்ணினேன். மூத்திரம் வரட்டும், கோயிலுக்கு வெள்ளையடிக்கிறேன். வரவில்லை. மணி வாங்கிக் கட்டுகிறேன் என்றேன். அதற்கும் வரவில்லை. பேரம் பேசிப் பேசிக் கோபுரம் வரைக்கும் போனேன். பை காய்ந்தே கிடந்தது.

ஒன்பதாம் நாள் புத்தி பிசக ஆரம்பித்தது. அழுக்கு மூளைக்கு ஏறினால் அப்படி ஆகுமாம். மத்தியானம், மெஷினில் படுக்கவைத்து ரத்தம் ஏற்றப் போகிறார்கள். ஆள் மாறிப்போகாமல் இருக்க, ரத்தம் ஏற்றுமுன் நோயாளியின் வாயாலேயே பெயரைச் சொல்லச் சொல்வது வழக்கம். சிஸ்டர் ஹெலன் ரத்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து கேட்டார்.

"அங்கிள், உங்க முழுப்பேர் சொல்லுங்க."

நான் பிரட்டுக்களத்தில் நின்றுகொண்டிருந்தேன். இருட்டு இன்னும் பிரியவில்லை, எதிரே கணக்கப்பிள்ளை செக்ரோலைப் பிரித்து வைத்திருக்கிறார்.

"முழுப்பேர் கிடையாதுங்க," என்றேன். "அரைப்பேர்கூடப் போடாதீங்க. நான் வேலைய முடிக்கல."

சிஸ்டர் மறுபடி முழுப்பேர் கேட்டார். நான் அழத் தொடங்கிவிட்டேன். பால் குறைகிறது, வாளி ஓட்டை, அம்மாவைக் கரையில் விட்டுவிட்டு வந்தேன், எனக்குப் போடாதீர்கள் என்று என்னென்னவோ சொன்னேனாம். சிஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மதுரையில் பேர் என்றால் பெயர்தான். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் கட்டிலோரம் நின்றிருந்த தாவீதுக்கு விளங்கியது. அந்த வார்டில் பாக்கியத்தை விட்டால் அவன் ஒருவனுக்குத்தான் விளங்கும். குனிந்து என் காதில் சொன்னான்.

"அண்ணே, போட்டாச்சு. முழுப்பேர் போட்டுட்டாங்க. நான் பாத்தேன். நீ தூங்கு."

"வேலை முடியலடா."

"தெரியும்ணே. அப்படியேதான் போட்டிருக்கு. தூங்கு."

என் பெயரைப் பாக்கியம் சிஸ்டருக்குச் சொன்னாள். ரத்தம் ஏறியது. நான் தூங்கினேன். ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு முக்காமல், முனகாமல், கணக்குப் பார்க்காமல் தூங்கிய முதல் தூக்கம் அது. வேலை முடியவில்லை என்று தெரிந்தேதான் போட்டிருக்கிறார்கள் என்ற ஒரு பேச்சு, நான் செய்த பிரசங்கங்களில் ஒன்றுகூட இறங்காத இடத்தில் போய் இறங்கியது.

மறுநாள் காலை சாராய வாசனை என்னை எழுப்பியது. தாவீது தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து மூத்திரப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடியில் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி நிறத்தில் நாற்பது மில்லி. எழுந்து போய்ச் சிஸ்டரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினான். மத்தியானம் இருநூறு. அடுத்த நாள் ஒரு லிட்டர். அதற்கடுத்து அணை உடைந்துவிட்டது. தூங்கி முழித்த கிட்னி முதலில் அப்படித்தான் கொட்டித் தீர்க்குமாம், நாளுக்கு ஐந்து லிட்டர். தாவீது அளவுக் குடுவையைத் தூக்கிக்கொண்டு வார்டின் நடுவே போவான், கோப்பை ஜெயித்த ஆள் மாதிரி. வழியிலுள்ள கட்டில்காரர்கள் எல்லாம் இன்றைக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். கிரியை என்று சண்டை போட்ட அம்மா வார்டு முழுக்க பிஸ்கட் கொடுத்தார். டாக்டரம்மா சீட்டைப் பார்த்துச் சிரித்து, "சாலமோன்ஜி, ஆப் தோ பாஸ் ஹோ கயே," என்றார், நீங்கள் பாஸாகிவிட்டீர்கள் என்று. பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சையும் பாஸ் பண்ணாதவன் நான். அன்றைக்கு எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் முழுசாய்க் கொடுத்தார்கள். குடித்துக்கொண்டே அழுதேன், சந்தோஷத்தில்.

கிருபை என்றால் என்ன என்று இனி யாராவது என்னிடம் கேட்டால் கிட்னியைத்தான் காட்டுவேன். உயிருள்ள கிட்னி ஓயாமல் வேலை செய்யும், வேலை செய்து எந்தக் கிட்னியும் உயிர் வாங்கியதில்லை. நற்கிரியை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. வடிகால் அடைத்தால் நாளைக்கும் இறங்குவேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்குவேன், வராதவர்களை எண்ணமாட்டேன்.

இருபத்து மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கட்சாலுக்குக் கப்பல் டிக்கெட் எடுக்கப் போன பாக்கியத்திடம் மூன்றாய் எடு என்றேன். மூன்று எடுத்துவந்தாள். ஜெட்டியில் தாவீது எங்கள் பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றான். மூன்றாவது டிக்கெட்டை அவன் சட்டைப்பையில் வைத்தேன். எடுத்துப் படித்துப் பார்த்தான்.

"நான் இன்னும் விடலண்ணே."

"நான் கேக்கலையே."

அவன் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்போதுதான் சொன்னேன். அம்மா தானாகக் கரைக்குப் போகவில்லை, நான்தான் சண்டைபோட்டுக் கொண்டுபோய் விட்டேன், உன் மேல் போட்டது பொய் என்றேன்.

"தெரியும்," என்றான். "அண்ணி அந்த வருஷமே சொல்லிருச்சு."

எட்டு வருஷம். நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் தொளதொளத்த செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரிஞ்சுமா வந்தே? எதுக்குடா வந்தே?"

இதென்ன கேள்வி என்பதுபோல் அவன் என்னைப் பார்த்தான்.

"அண்ணனுக்கு ஒண்ணுக்கு வரலைன்னு அண்ணி சொல்லிச்சு. வந்தேன்."

அவ்வளவுதான் அவனிடம் இருந்த விளக்கம். ஏறுகிறவர்கள் ஏறலாம் என்று மைக்கில் ஹிந்தியில் சொன்னார்கள். தாவீது எங்கள் பையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஏணியில் முதலில் ஏறினான். அவன் பின்னால் நான் ஏறினேன்.